மெழுகு மாத்திரை

மகாதேவியின் கை அன்று மலையிறங்கத் தொடங்கியதிலிருந்து இடுப்பைவிட்டு நகரவில்லை. நாலு எட்டு வைப்பாள், கொசுவத்துக்குள் விரலை விட்டுச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்ப்பாள். இருக்கிறது என்று தெரிந்ததும் மூச்சு விடுவாள். அடுத்த வளைவு வருவதற்குள் மறுபடி சந்தேகம் வந்துவிடும். கூட நடந்த பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தும் பாராமல் வந்தார்கள். கடைசியில் வேலுச்சாமி மாமாவின் மனைவி விசாலாட்சிக்குப் பொறுக்கவில்லை. "என்னடி, தாலிக்கொடியக் கழட்டி இடுப்புல முடிஞ்சிருக்கியா? இந்தப் பதறு பதறுற?" என்று கேட்டாள். மகாதேவி சிரித்து மழுப்பினாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கை மறுபடி இடுப்புக்குப் போயிருந்தது.

பூண்டைப் பிடுங்கிப் பரணில் ஏற்றிப் புகை போட்ட பிறகு, பங்குனி உத்திரத்துக்குப் பேத்துப்பாறையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பச்சையும் காவியும் கட்டிக்கொண்டு பழனிக்கு நடப்பார்கள். மகாதேவியின் ஊரும் அப்படித்தான். வேலுச்சாமிதான் குருசாமி. ஊரில் எல்லாருக்கும் அவர் மாமா. மலையிறங்கும்போது மட்டும் முருகனுக்கே மாமா போல ஒரு மிடுக்கு வந்துவிடும். அவருக்குப் பின்னால் மேளம், மேளத்துக்குப் பின்னால் காவடிகள். அந்தக் காவடிகளில் ஆகச் சிறியதைத் தோளில் வைத்துக்கொண்டு மகாதேவியின் மகள் தேவசேனா நடந்தாள். பத்து வயசு. காவடியில் கட்டியிருந்த சின்ன மணிகள் அவள் நடைக்குக் கிணுகிணு என்று சத்தம் போட்டன. அந்தச் சத்தம் ஒரு நொடி நின்றாலும் மகாதேவி எட்டிப் பார்த்தாள்.

காரணம் சுருக்குப்பைக்குள் இருந்தது. தேவசேனாவுக்கு வலிப்பு உண்டு. முதல் தடவை பூண்டுப் பரணுக்குக் கீழே விழுந்து வெட்டி இழுத்தபோது, புகை மூக்கில் ஏறி மயங்கிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார்கள். ஊருக்குச் சொன்ன கடைசிச் செய்தி அதுதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தது. யாருக்கும் சொல்லாமல் மதுரைக்குப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். தினமும் காலையும் ராத்திரியும் விழுங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். அதைத் தாண்டியும் வலிப்பு வந்து, ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் வைப்பதற்கு இன்னொன்றையும் கொடுத்தார். விரல் நுனி பருமனில் வெள்ளையாக, மெழுகில் வார்த்தது போல, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது அது. வாயில் போடுவதல்ல. பின்பக்கம் வைப்பது.

அங்கே இருந்த நர்ஸ் பொறுமைசாலி. "வலிப்பு வரும்போது பல்லு கட்டியிருக்கும்மா. தண்ணி, மாத்திரை எதக் குடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். இத ஆசனவாய்ல வச்சா ஒடம்புச் சூட்டுல உருகி, குடல் வழியாவே ரத்தத்துல சேந்துரும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லி, ஒரு பொம்மையை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்துத் தேவசேனாவின் அப்பா திருமலைச்சாமிக்கு டீ குடிக்க வேண்டியிருந்தது. மாட்டுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் முழங்கை வரை கையை விட்டு இழுத்துப் போடுகிற மனுஷன் அவர். சொந்த மகளுக்கு ஒரு விரல் மருந்து வைக்கிற விஷயம் என்றதும் வராந்தாவுக்கு ஓடிவிட்டார். மனுஷனுடைய வெட்கம் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரால் சொல்ல முடியும்?

நர்ஸ் கடைசியாக ஒன்று சொன்னார். அதைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்றார். மகாதேவிக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் குளிர்ச்சி இல்லாத இடத்தை நீங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். உண்மைதானே? அவள் வீட்டில் தேங்காய் எண்ணெயை அடுப்பனலில் காட்டித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். ஆகவே அந்த மெழுகு மாத்திரை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அது ஒருநாளும் இளகவில்லை. குளிர்ச்சி பற்றிய பேச்சும் அவள் மனசில் அதோடு போயிற்று.

வீட்டில் அதற்கு மெழுகு மாத்திரை என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அதையும் திருமலைச்சாமி வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "அது இருக்குல்ல?" என்பார். வெளியே தெரிந்தால் பொட்டைப்பிள்ளையின் வாழ்க்கை என்ன ஆகும் என்பதுதான் அவருக்கு ராத்திரி பகலாகக் கவலை. பிள்ளையிடமும் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள்: பள்ளிக்கூடத்தில் யாருக்கும், உயிர்ச்சிநேகிதிக்கும், டீச்சருக்கும்கூட மூச்சு விடக்கூடாது. தேவசேனா தலையாட்டினாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஒரு வருஷத்துக்கு வலிப்பு வராமல் இருந்தால் மகளைக் காவடி எடுக்க வைக்கிறேன் என்று திருமலைச்சாமி வேண்டிக்கொண்டார். போன பங்குனியிலிருந்து இந்தப் பங்குனி வரை வீட்டில் ஒரு தடவைகூட வரவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் பாவாடையெல்லாம் சேறாக, முழங்கையில் சிராய்ப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். எதையும் ரெண்டு தடவை கேட்கிற மகாதேவி அதை மட்டும் ஒரு தடவையில் நம்பினாள்.

அன்று காலை புறப்படும்போதுதான் தகராறு வந்தது. விடிவதற்கு முன்னாலேயே எழுப்பிக் குளிக்கவைத்ததால் பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லை. மகாதேவி காலை மாத்திரையைப் பிரித்தபோது திருமலைச்சாமி தடுத்தார். காவடி இறங்குகிற வரை வயிற்றுக்குள் ஒன்றும் போகக் கூடாது என்று குருசாமி சொல்லியிருக்கிறார் என்றார். மாத்திரை சோறா என்று அவள் கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தி, "மாமா பாத்துட்டு என்ன மாத்திரைன்னு கேட்டா என்ன சொல்லுவ? ஒருவேளைதானே. ஒரு வருசமா காப்பாத்துனவன் இன்னைக்கு ஒரு நாள் காப்பாத்த மாட்டானா?" என்றார். மகாதேவிக்கு வாய்வரை பதில் வந்தது. சாமி காரியத்தில் தர்க்கம் பண்ணிக் குறை வந்தால் தன் தலையில் விழுமே என்று முழுங்கிவிட்டாள். பிரித்த மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சுருக்குப்பையில் போட்டாள். மெழுகு மாத்திரை ஏற்கெனவே அதற்குள் இருந்தது. பையைப் பெட்டியில் வைத்தால் அவசரத்துக்குத் தேட வேண்டியிருக்கும் என்று இடுப்போடு இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. பனி விலகி, ஆரஞ்சுத் தோட்டங்களும் காப்பிச் செடிகளும் பின்னால் போகப் போக, ஒவ்வொரு வளைவிலும் ஒரு போர்வையைக் கழற்ற வேண்டியிருந்தது. கடைசி வளைவுகளில் தார்ச்சாலை காலைச் சுட்டது. மலைக்காரர்களுக்குக் கீழ்நாட்டு வெயில் என்றால் ஆகாது, பேச்சே அடங்கிப்போயிற்று. மகாதேவிக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. பிள்ளையின் முகம் வாடியிருக்கிறதா, கண் செருகுகிறதா என்று நாலு எட்டுக்கு ஒருதரம் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தாள். தொட்டாள். நடந்தாள். மறுபடி தொட்டாள். வேர்வையில் பையே நனைந்துபோயிருந்தது.

வரதமாநதி அணைப் பக்கம் வந்ததும் வேலுச்சாமி எல்லாரையும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். எதிரே ஒரு கரும்புச்சாறு வண்டி. பக்கத்தில் சரிவில் பெரிய பாறைகள் கிடந்தன. தேவசேனா காவடியை இறக்காமலே அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, வயிறு ஒரு மாதிரி இருக்கு. அந்தப் பாறைக்குப் பின்னாடி போயிட்டு வாரேன்."

"நானும் வாரேன்."

"வேண்டாம்மா. நீ வராத. நானே போறேன்."

பிள்ளைக்கு வயசு வருகிறது, கூச்சப்படுகிறாள் என்று நினைத்தாள் மகாதேவி. காவடியை வைத்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். தேவசேனா அதைக் காதில் வாங்காமல் பாறையைப் பார்த்து வேகமாக நடந்தாள். போகிற வேகம் ஒதுங்கப் போகிற வேகமாக இல்லை; யாரோ துரத்துவது போல இருந்தது. பாறைக்கு நாலு எட்டு இருக்கும்போது நின்றுவிட்டாள். காவடி மணிகள் அசையாமல் நின்று, பிறகு கிடுகிடுவென்று ஆடத் தொடங்கின.

மகாதேவி ஓடுவதற்குள் மேளக்காரர் பார்த்துவிட்டார். நின்ற இடத்தில் பிள்ளையின் ஒரு தோள் வெட்டுகிறது, காவடி குலுங்குகிறது, கண் மேலே சொருகியிருக்கிறது. காவடி எடுத்த பிள்ளை அப்படி நின்றால் அந்தக் கூட்டத்துக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். "முருகா, பிள்ளை மேல வந்துட்டியா!" என்று வேலுச்சாமி இரண்டு கையையும் தூக்கினார். மேளம் பிளந்துகொண்டு கிளம்பியது. தேவசேனா சரிந்தாள். ரெண்டு பேர் தாங்கிப் பிடித்துத் தரையில் விட்டார்கள். கைகால் விறைத்து, பிறகு மொத்த உடம்பும் வெட்டி வெட்டி இழுத்தது. வேலுச்சாமி நெற்றி நிறைய விபூதியைப் பூசினார். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தர் காலடியில் விழுந்து, காட்டுமாடு தோட்டத்தை அழிக்கிறது, ஒரு வழி சொல்லு சாமி என்று கேட்டார். பிள்ளையின் வாயோரம் நுரை வழிந்துகொண்டிருந்தது.

மகாதேவி ஆட்களை விலக்கி உள்ளே புகுந்தாள். முதலில் கண்ணில் பட்டது திருமலைச்சாமியின் முகம். அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்கு மேலே, பாவி மனுஷன், ஒரு நிம்மதி இருந்தது. வலிப்புக்காரப் பிள்ளை என்றால் வாசல்படி ஏற யோசிக்கிறவன், சாமி வந்த பிள்ளை என்றால் கும்பிட்டுவிட்டுச் சம்பந்தம் பேசுவான். இவ்வளவு நாள் ஒளித்ததை முருகனே வந்து பட்டுத்துணி போட்டு மூடிவிட்டான் என்று அவர் நினைத்தார். அது அவளுக்கு எழுதி ஒட்டினது போலத் தெரிந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தை இன்னதென்று சொல்ல முடியாது. அந்த நிம்மதி தனக்கும் ஒரு கணம் ஆசையாக இருந்தது என்பதுதான் அந்த ஆத்திரத்தில் பாதி.

மேளத்தை நிறுத்தச் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. மேளக்காரரின் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிச் சரிவில் எறிந்தாள். அப்போதுதான் சத்தம் நின்றது.

"சாமி இல்ல. எம்மகளுக்கு வலிப்பு. ரெண்டு வருசமா இருக்கு."

"மகா, சும்மா இரு" என்றார் திருமலைச்சாமி. கும்பிட்ட கையை எடுக்கவில்லை.

"இவ்வளவு நாளும் சும்மாதான் இருந்தேன்."

அவள் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார்கள், தட்டிவிட்டாள். வாயில் தண்ணீர் ஊற்ற வந்த செம்பையும் தட்டிவிட்டாள். செல்போனைப் பார்த்தாள். விழுந்தபோது எத்தனை மணி என்று பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் மேளம், குலவை, காட்டுமாட்டுப் பிராது எல்லாம் சேர்த்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். பின்பக்கம் மருந்து வைக்க வேண்டும், பெண்கள் மட்டும் நில்லுங்கள் என்றாள். வேலுச்சாமிக்கு முகம் இறுகிவிட்டது. காவடி எடுத்த உடம்பு, மாலை போட்ட உடம்பு, அந்த இடத்தில் கை வைத்தால் தீட்டு, ஊருக்கே ஆகாது என்றார்.

"தீட்டு எந்தலையில இருக்கட்டும் மாமா. நீங்க தள்ளி நில்லுங்க."

சொல்லிக்கொண்டே பையை அவிழ்த்தாள். உறையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பார்த்தாள். உள்ளே மெழுகு இல்லை. உருக்கின நெய் போல என்னமோ ஒன்று, சாய்த்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிற்று. உறையைக் கிழித்தால் அத்தனையும் கையில் வழிந்துபோகும். பிள்ளைக்குள் போகாது.

குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று அந்த நர்ஸ் சொன்னது இப்போது காதில் விழுந்தது. தான் சிரித்ததும் காதில் விழுந்தது. கீழ்நாட்டு வெயில் பாதி உருக்கியிருக்கும். மீதியை உருக்கியது அவள் இடுப்பும் கையும்தான். காலையிலிருந்து இருக்கிறதா இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாளே, அந்தச் சூடு. பிள்ளைக்காகப் பட்ட பதற்றமே பிள்ளையின் மருந்தைக் கரைத்திருந்தது. ஐயோ என்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றியது. அதற்கு நேரமில்லை.

"ஏங்க, ஐஸ் வேணும். வெரசா."

திருமலைச்சாமி அசையாமல் நின்றார். இத்தனை பேர் பார்த்துவிட்டார்கள், இனி என்ன என்று நின்றார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்து வருவதை அவரும் பார்த்தார். கும்பிட்ட கை பிரிந்தது. கரும்புச்சாறு வண்டிக்கு ஓடினார். வண்டிக்காரி சண்முகவள்ளி அதற்குள் எல்லாவற்றையும் கவனித்து, செல்போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே ஐஸ் பெட்டியைத் திறந்துவைத்திருந்தாள். அவர் சாக்கு, துணி எதுவும் இல்லாமல் ஒரு கட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிவந்து கல்லில் போட்டு உடைத்தார். மகாதேவி உறையை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். 'அது' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லாதவர், உடைந்த ஐஸை இரண்டு கையிலும் அள்ளி நடுவே அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எம்புட்டு நேரம் மகா?"

"இறுகுற வரைக்கும்."

அதைவிட நீளமான நேரம் அவள் வாழ்க்கையில் இல்லை. பிள்ளை இழுத்துக்கொண்டிருக்கிறாள், ஐஸ் சொட்டிக்கொண்டிருக்கிறது. மகாதேவி பிள்ளையின் தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தாள், நுரையைத் துடைத்தாள், புருஷன் கையைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். உறையை வாங்கி அமுக்கினாள். இன்னும் இளக்கமாக இருந்தது. திரும்பக் கொடுத்தாள். அவருடைய விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்து, நடுங்கின. கையை மாற்றவில்லை.

முதலில் அசைந்தது விசாலாட்சி. இடுப்பில் கட்டியிருந்த பச்சைத் துண்டை அவிழ்த்து விரித்துப் பிடித்தாள். குருசாமி ஏதோ சொல்ல வந்தார்; அவள் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற பெண்களும் முந்தானையை விரித்து, பிள்ளைக்கு முதுகைக் காட்டிச் சுற்றி நின்றார்கள். சரிவுக்கு மேலே ஒரு வாலிபன் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தான். "ஏலே, அத உள்ள வைடா. உங்கூடப் பொறந்ததா இருந்தா எடுப்பியா?" என்றாள் விசாலாட்சி. அவன் உள்ளே வைத்தான்.

மூன்றாம் தடவை அமுக்கியபோது உறை விறைப்பாக இருந்தது. மகாதேவி நகத்தால் கிழித்தாள். முன்னைப்போல வெள்ளையாக, வழவழப்பாக, உறையின் வடிவத்திலேயே இறுகிக் கையில் வந்தது. வேறு எதற்கும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை அவள். திருமலைச்சாமியிடம் முழங்காலை மடக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தாள். திருப்பவில்லை. நர்ஸ் பொம்மைக்குச் செய்து காட்டியபடியே விரலால் உள்ளே தள்ளி, வெளியே வந்துவிடாமல் பிட்டத்தைச் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாவாடையை இழுத்து மூடினாள். அவ்வளவுதான் வேலை. ஊருக்கே ஆகாது என்று சொன்ன வேலை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. குடலுக்கு அவசரம் தெரியாது. அது தன் போக்கில்தான் மருந்தை வாங்கிக்கொள்ளும். வெட்டு இரண்டுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி நீண்டது. கடைசியில் ஒரு கால் மட்டும் துடித்து, அதுவும் நின்றது. தேவசேனா நீளமாக ஒரு மூச்சு இழுத்து, உழைத்துக் களைத்தவளைப் போலக் குறட்டை விட்டாள். அந்தக் குறட்டையைக் கேட்ட பிறகுதான் மகாதேவி அழுதாள். பெரிதாகவே அழுதாள். யாரும் அழுகையை அடக்கச் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது கூட்டம் வழி விட்டது. யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். வேலுச்சாமி விழுந்து கிடந்த சின்னக் காவடியைத் தூக்கி மணிகளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். வண்டிக் கதவைச் சாத்தும்போது பக்கத்தில் வந்து, "பிள்ள காவடிய நான் கொண்டுபோய்ச் செலுத்திருறேன். கொறை ஒண்ணுமில்ல" என்றார். மிடுக்கெல்லாம் போயிருந்தது.

பழனி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் காற்று வைத்து, பயமில்லை என்று சொன்னார்கள். காலை மாத்திரை ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டபோது திருமலைச்சாமி, நான்தான் வேண்டாம் என்றேன் என்றார். அதையாவது சொன்னாரே என்று மகாதேவி நினைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் தீரவில்லை, தீர நாளாகும். ஐஸ் பிடித்த அவர் உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்ததையும் பார்க்கத்தான் செய்தாள்.

வெயில் தாழ்ந்தபோது தேவசேனா கண் விழித்தாள். ஜன்னல் வழியாகக் கோயில் மலை தெரிந்தது.

"எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சாம்மா?"

"தெரிஞ்சு போச்சு."

பிள்ளை அழப்போகிறாள் என்று மகாதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தேவசேனா அழவில்லை. யோசித்தாள்.

"அப்ப இனிமே நான் ஒளிய வேண்டாம்ல?"

என்ன ஒளிய வேண்டாம் என்று மகாதேவி கேட்டாள்.

வருவதற்கு முன்னால் வயிற்றிலிருந்து என்னமோ மேலே ஏறும் என்று தேவசேனா சொன்னாள். அப்படி ஏறினால் உடனே எழுந்து பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வாளாம். யாரும் பார்க்க மாட்டார்கள். முழித்துப் பார்த்தால் சில சமயம் தரையில் கிடப்பாளாம். பாவாடையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவாளாம். பாடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எத்தன தடவம்மா?" என்றார் கட்டிலின் மறுபக்கம் நின்ற திருமலைச்சாமி.

பிள்ளை அப்பாவைப் பார்த்துவிட்டுப் போர்வையைப் பார்த்தாள். "தெரியலப்பா. நெறைய. சொன்னா உங்க வேண்டுதல் கெட்டுப்போகும்ல."

மகாதேவிக்கு அந்தப் பாறை ஞாபகம் வந்தது. நீ வராத, நானே போறேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளை ஓடிய ஓட்டம் ஞாபகம் வந்தது. இன்னும் நாலு எட்டு. அந்த நாலு எட்டை எடுத்து வைத்திருந்தால் தேவசேனா பாறைக்குப் பின்னால் கிடந்திருப்பாள். இந்தப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து, பிள்ளை கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

திருமலைச்சாமி சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். வெளியே போவார், வராந்தாவில் நின்று அழுவார் என்று மகாதேவி நினைத்தாள். அவர் நகரவில்லை. வார்டு நிறைய ஆட்கள். கதவோரம் ஊர்க்காரர்கள் நாலு பேர் வேலுச்சாமியோடு வந்து நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"லாவண்யா டீச்சருங்களா? தேவசேனா அப்பா பேசுறேன். எம்பிள்ளைக்கு வலிப்பு வரும் டீச்சர். அங்க வச்சே பல தடவ வந்திருக்கு, நாங்க சொல்லாம விட்டுட்டோம். பின்பக்கம் வைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு வெள்ளனே கொண்டாந்து தாரேன். எப்படி வைக்கணும்னு..." கதவோரம் நின்ற ஊர்க்காரர்களை ஒருதரம் பார்த்துவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தார். "எப்படி வைக்கணும்னு நானே சொல்லித் தாரேன். பிள்ள ஒளியப் பாத்தா மட்டும் விட்றாதீங்க."